ஸெய்னுதீனின் லொறி கத்த மறுத்தபோது

கிண்ணியாவில் ரபீக்காவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய பிடிவாதத்தைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பத்து வயதில், வாப்பாவின் போட் வேலைக்குத் தன்னையும் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். ஒன்றரை நாள் சோறு தொடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வாப்பா ஒரு பழைய பிரஷைக் கையில் கொடுத்து, "வா, வந்து பூசு" என்று கூட்டிக்கொண்டு போனார். பிறகு பதினான்கு வருஷம் அந்தப் பிரஷை அவள் கீழே வைக்கவில்லை.

மாரி வருவதற்கு முன் போட்டைக் கரையில் இழுத்துப் போடுவார்கள். ஃபைபர் போட்தான், ஆனால் அதில் இருக்கும் போல்ட், நட், கொளுக்கி எல்லாம் இரும்பு. கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் பலகாரம் மாதிரி. ஆகவே வாப்பா ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ரபீக்கா உப்பைக் கழுவி, துருவைச் சுரண்டி, துருப்பிடிக்காத பெயின்றை இரண்டு தரம் பூசி, காயவைத்து, மேலே கிறீஸ் அப்பித் திரும்பப் பூட்டுவாள். இரவு மீன்பிடிக்குக் கட்டும் விளக்குகளுக்கு வயர் இழுப்பதும் அவள்தான். சிவப்பு ஒன்று போகும், கறுப்பு ஒன்று வரும், இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினால் விளக்கு எரியும். கரண்டைப் பற்றி அவள் படித்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான். சுனாமி அலை வந்த வருஷம் போட்டும் போனது, வாப்பாவும் போனார். அதைப் பற்றி அவள் யாரிடமும் கதைப்பதில்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் எந்த இரும்பைக் கண்டாலும், அது ஜன்னல் கம்பியோ கிணற்றுக் கப்பியோ, பெயின்ற் பூசாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

அவளுடைய கணவர் ஸெய்னுதீன் மீன் வியாபாரி. விடியப்புறம் கரையில் மீனை எடுத்து, ஐஸ் போட்டு, தம்பலகாமம் வழியாகக் கந்தளாய்க்குக் கொண்டுபோய் ஒழுங்கை ஒழுங்கையாக, சந்து சந்தாக விற்பார். முதலில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி விற்றார், பிறகு ஒரு சின்ன லொறி வாங்கினார். ஊரார் அந்த வகை லொறியைப் பட்டா என்பார்கள். லொறியைவிட அவருடைய பெரிய முதல் அவருடைய தொண்டை. "மீன்" என்று அவர் ஒரு தரம் நீட்டி இழுத்தால் குளக்கட்டின் அந்தப் பக்கம் வயலில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் ரபீக்கா அவரைக் கட்டினாள் என்று ஸெய்னுதீனின் ராத்தா, சித்தி பரீதா என்ற பெயருடைய அக்கா, ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அதில் பொய் அதிகமில்லை.

வெற்றிலையும் புகையிலையும் அந்தத் தொண்டையில் வேலையைக் காட்டின. முதலில் குரல் கம்மியது. சளி என்று நினைத்து, கத்துகிற வேலையைக் குறைக்கலாம் என்று சத்தத்தைப் பெருக்கும் அம்ப் ஒன்று வாங்கி லொறியில் பூட்டினார்; கூரையில் இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர். டவுனில் ஒலிபெருக்கி செட் கடை வைத்திருக்கும் றிஸ்வி, தொண்டை கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு காலையில் அவருடைய குரலைப் பதிந்து பென் டிரைவ் ஒன்றில் போட்டுக் கொடுத்தான். அடுத்த மாதமே, வந்திருப்பது சளி இல்லை, புற்றுநோய் என்று தெரிந்தது. கொழும்பில் வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. உயிர் தப்பியது, பேச்சு போனது. இனி உலகத்தில் ஸெய்னுதீனின் குரல் இருக்கும் ஒரே இடம் அந்தப் பென் டிரைவ்தான்.

ஐந்து மாதம் கழித்து அவர் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் தேறி, ஒரு திங்கட்கிழமை லொறியை ஸ்டார்ட் செய்தார். அம்பைப் போட்டார். சின்னச் சத்தத்தில் அது முனகியது. சத்தத்தைக் கூட்டியதும் சிவப்பு லைட் எரிந்து படுத்துவிட்டது. நிறுத்தித் திரும்பப் போட்டார். திரும்பவும் படுத்தது. நாலு தரம் போட்டுப் பார்த்துவிட்டுத் திறப்பை, லொறிச் சாவியை, கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர், அன்று சாயங்காலம் வரை எழும்பவில்லை.

றிஸ்வி வந்து அம்பைக் கழற்றிக்கொண்டு போனான். புதன்கிழமை திரும்பக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்பில ஒரு குத்தமும் இல்ல ராத்தா. கடையில மேசையில வெச்சா ஊரையே எழுப்புது. லொறியில பூட்டிச் சத்தம் வெச்சாப் படுத்துருது."

"பற்றரி பாத்தயா தம்பி?"

"வேற நல்ல பற்றரி ஒண்டு கொண்டாந்து போட்டும் பாத்துட்டன். சிவப்பு வயரப் பாத்தன், பியூஸப் பாத்தன், எல்லா நட்டும் இறுக்கித்தான் இரிக்கி. லொறிட வயரிங் எங்கயோ உள்ளுக்குப் பழுது. முழுக்க இழுத்துப் புதுசாப் போடணும். எனக்கு மூணு வாரத்துக்குக் கை ஓயாது."

ஸெய்னுதீன் கதிரையில் இருந்தபடியே போனில் எதையோ எழுதி அவளிடம் நீட்டினார். 'விடு புள்ள. லொறிய வித்துருவம்.'

புல்மோட்டையில் சஞ்சீவன் என்று ஒருவர் இப்படி ஒரு லொறி தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே செய்தி போய்விட்டது என்பதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பார்க்க வருகிறார் என்பதும் அப்போதுதான் ரபீக்காவுக்குத் தெரிய வந்தது. ஏற்பாடு சித்தி பரீதாவுடையது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தம்பி செத்துப் பிழைத்து வந்திருக்கிறான், இனி வீட்டில் இருந்து ஓய்வெடுக்கட்டும் என்ற பாசம்தான்.

ஆனால் ஓய்வு எப்படி இருக்கிறது என்பதை ரபீக்கா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வேலிப் படலையைத் திறந்தால் அவர் அறைக்குள் போய்விடுவார். பாதிச் சோற்றில் கை கழுவுவார். பகலிலேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவரை அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுபோகக்கூடிய ஒரே சாமான் அந்த லொறி. அது புல்மோட்டைக்குப் போய்விட்டால் மனிதன் இந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவார். அவளுக்கு அது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமதானே வாறாரு," என்றாள். "இண்டைக்கிப் புதன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவள் றிஸ்வியின் கடையில் நின்றாள்.

"வோல்ட் மீற்றர் ஒண்டு தாங்க தம்பி. பின்னேரம் கொண்டாந்து தாறன்."

"ராத்தா, இது ஒங்களுக்கு..."

"எங்கட வாப்பாட போட்டுக்கு வயர் போட்டது நான். எந்தக் குச்சிய எங்க வைக்கிறது, அத மட்டும் சொல்லுங்க."

அவன் சொன்னான். வேறு என்ன செய்வான். ரபீக்காவிடம் வாதாடி வென்றவர் எவரும் அந்தக் கடைத்தெருவில் இல்லை.

வீட்டுக்கு வந்து, தலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லொறிக்குள் ஏறினாள். பற்றரியின் இரண்டு முனையிலும் குச்சியை வைத்தாள். பன்னிரண்டரை. அம்ப் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதன் சிவப்பு முனையிலும் கறுப்பு முனையிலும் வைத்தாள். அங்கேயும் பன்னிரண்டரை. பியூஸுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சுவிட்சுக்கு முன், பின், எங்கே வைத்தாலும் பன்னிரண்டரை. வீட்டில் களவு போயிருக்கிறது, விசாரித்தால் எல்லாரும் நல்ல பிள்ளைகள். பத்து மணிக்குத் தொடங்கியவள் மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்வரை அளந்தாள். அளந்ததையே அளந்தாள்.

இடையில் ஒரு தரம் கை வழுக்கி, சிவப்பு முனையில் இருந்த குச்சி இரும்பில் முட்டிவிட்டது. படாரென்று ஒரு பொறி. பியூஸ் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா சித்தி பரீதா படலைக்குள் வரவேண்டும்.

"என்ன புள்ள செய்றாய்? வீட்டக் கொளுத்தவா போறாய்?"

"ஒண்டுமில்ல மதினி. பியூஸ் ஒண்டு போயிட்டு."

"நாளைக்கி வாங்க வாற மனுசனுக்கு லொறிய முழுசாக் காட்டுறத்துக்கு விடு. பொம்புள செய்ற வேலயா இது?"

ரபீக்கா இறங்கினாள். கருகிய பியூஸைக் கையில் எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போய், அதே இலக்கம் போட்ட பியூஸ் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று போட, ஒன்று மறுபடியும் கை வழுக்கினால் போட. அவள் தன்னைப் பற்றி உண்மை தெரிந்த பெண்.

தொழுதுவிட்டு, சோற்றைப் போட்டு ஸெய்னுதீனுக்குக் கொடுத்துவிட்டு, அவர் பாதியில் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் அளந்ததெல்லாம் அம்ப் சும்மா இருக்கும்போது. சும்மா இருக்கும்போது அதற்கென்ன குறை? கத்தச் சொன்னால்தான் படுக்கிறது. ஆகவே கத்தும்போது அளக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அரை நாளைத் தின்றுவிட்டேனே என்று அவளுக்குத் தன்மேல் எரிச்சலாக வந்தது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் லொறிக்கு ஓடினாள்.

அம்பில் றேடியோவும் இருந்தது. பென் டிரைவைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் குரலை முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான். றேடியோவைப் போட்டு, மீற்றரின் இரண்டு குச்சியையும் அம்பின் முனைகளில் பிடித்துக்கொண்டு, விரலால் சத்தத்தைக் கூட்டினாள். பன்னிரண்டரை பன்னிரண்டானது. பதினொன்றானது. பத்து. ஒன்பது. சிவப்பு லைட். அம்ப் படுத்தது. படுத்த கணமே மீற்றர் ஒன்றும் அறியாத பாவம்போலப் பன்னிரண்டரைக்கு வந்து நின்றது.

"பிடிபட்டாய்," என்றாள் ரபீக்கா.

பற்றரிக்கும் அம்புக்கும் நடுவில் யாரோ மூன்று வோல்ட்டுக்கு மேல் விழுங்குகிறார்கள். சிவப்பு வயரா, கறுப்பு வயரா? போட்டில் என்றால் அவள் ஒரு வயரை மட்டும் மாற்றிப் பார்ப்பாள். இங்கேயும் அதையே செய்தாள். கிணற்றடியில் கிடந்த நீள வயர் ஒன்றை எடுத்து, ஒரு நுனியைப் பற்றரியின் கறுப்பு முனையில் கட்டி, மறு நுனியை மீற்றரின் கறுப்புக் குச்சியில் சுற்றினாள். சிவப்புக் குச்சி அம்பின் சிவப்பு முனையிலேயே இருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். அம்ப் வழக்கம்போலப் படுத்தது. ஆனால் படுக்கும்வரை மீற்றர் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. சிவப்பு வயர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆகவே கள்ளன் கறுப்புப் பக்கம்.

கறுப்பு வயரைத் தேடிக்கொண்டு போனாள். போக அதிக தூரமில்லை. அம்பிலிருந்து ஒரு முழ நீளம் வந்து, சீட்டுக்குப் பின்னால் லொறியின் இரும்பில் ஒரு போல்ட்டோடு அது நின்றுவிட்டது. அதற்கு அங்கால் வயர் இல்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், கால்மிதியை உரித்துப் பார்த்தாள், லொறிக்குக் கீழே படுத்தும் பார்த்தாள். இல்லை. பற்றரி எங்கேயோ முன்னால் இருக்கிறது. அதுவரை போகாமல் இந்தக் கரண்ட் எப்படி வீட்டுக்குத் திரும்பும்? றிஸ்விக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, கறுப்பு வயர் சீட்டுக்குப் பின்னால ஒரு போல்ட்டோட நிண்டுட்டு. மிச்சம் எங்க?"

"மிச்சமில்ல ராத்தா. அவ்வளவுதான்."

"அப்ப பற்றரிக்கி எப்படிப் போறது?"

"பற்றரிட கறுப்பும் லொறிட இரும்பிலதான் பூட்டியிரிக்கி. நடுவுக்குள்ள இரும்புதான் வயர். கரண்ட் அதால திரும்பிப் போகும்."

"இரும்பா?"

"ஓம் ராத்தா. லொறி முழுக்க இரும்புதானே. அதுதான் எர்த். ஏன், என்ன?"

"ஒண்டுமில்ல தம்பி," என்று போனை வைத்தாள்.

லொறிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் கொழும்பில் கிடந்த ஐந்து மாதமும் இந்த லொறி வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. வாடைக்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் கொட்டியது. மனிதனுக்கு ஒன்றும் செய்ய முடியாத நேரத்தில் அவருடைய லொறியையாவது காப்பாற்றுவோம் என்று, வாப்பாவிடம் படித்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள். கண்ணில் பட்ட போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றினாள். துருவைச் சுரண்டினாள். துருப்பிடிக்காத பெயின்றை இரண்டு தரம் பூசினாள், போல்ட்டின் மேலே மட்டுமல்ல, அது உட்காரும் இடத்திலும், வயரின் வளையத்திலும். காயவைத்தாள். கிறீஸ் அப்பினாள். பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினாள். ஃபைபர் போட்டுக்கு அது நல்லது. அங்கே கரண்ட் போக ஒரு வயர், வர ஒரு வயர். போட்டின் உடம்புக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. லொறியிலோ உடம்புதான் வயர். அந்த வயருக்குத்தான் அவள் இரண்டு தரம் பெயின்ற் பூசியிருக்கிறாள். போல்ட்டின் புரிகள் வழியாகக் கசிந்த கொஞ்சக் கரண்ட் முனகப் போதுமானதாக இருந்தது. கத்தப் போதவில்லை.

றிஸ்விக்கும் அது அகப்படாததில் ஆச்சரியமில்லை. அந்த ஊரில் துருப்பிடித்த போல்ட்டைத்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். பளபளவென்று, கிறீஸ் மின்ன, இறுக்கமாக இருக்கும் போல்ட்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவருடைய குரலை ஒரு தரம் நோய் எடுத்தது. மிச்சமிருந்ததை நான் அடைத்தேன். இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழும்பி ஸ்பெனரை எடுத்தாள். அழுதுகொண்டிருந்தால் நாளைக்குப் புல்மோட்டைக்காரர் வந்துவிடுவார்.

முதலில் பற்றரியின் கறுப்பைக் கழற்றி ஒதுக்கினாள். இன்னொரு பொறிக்கு அவள் தயாராக இல்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த போல்ட்டைக் கழற்றினாள். தன் கையால் பூசியதைத் தன் கையாலேயே கத்தியால் சுரண்டினாள். நல்ல பெயின்ற், இலேசில் வரவில்லை. சாண்ட் பேப்பரால் தேய்த்தாள். சிவப்புப் போய், சாம்பல் போய், வெள்ளி மாதிரி வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தாள். வயரின் வளையத்தையும் அப்படியே. வெறும் இரும்பில் வெறும் வளையத்தை வைத்து இறுக்கினாள். பற்றரியின் கறுப்பு வயர் லொறியில் பூட்டியிருந்த இடத்துக்கும் அதே வைத்தியம். அங்கேயும் அவளுடைய பெயின்ற்தான். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, வெளியே மட்டும் கொஞ்சம் கிறீஸ் பூசினாள். அதை மட்டும் விட அவளால் முடியவில்லை. செய்ததும் சரிதான்.

பின்னேர அஸர் பாங்குக்குச் சற்று முன் றேடியோவைப் போட்டுச் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். மீற்றர் பன்னிரண்டில் நின்றது. கூரை ஹோர்னில் யாரோ ஒருவர் நாளைய வானிலையை ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார். அயல் வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

ஸெய்னுதீன் வாசலுக்கு வந்து நின்றார். ரபீக்கா அம்பை நிறுத்திவிட்டு, கிறீஸ் கையோடு அவர் முன்னால் போய் நின்றாள். மறைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவளுக்கு அது வரவில்லை.

"மச்சான், அத அடச்சது நான்தான். நீங்க கொழும்பில கிடக்கக்குள்ள போல்ட்டெல்லாத்துக்கும் பெயின்ற் பூசினன். கரண்ட் போற எடத்துக்கும் சேத்துப் பூசிட்டன். எனக்குத் தெரியா."

அவர் அவளைப் பார்த்தார். லொறியைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார், கிணற்றுக் கப்பியைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவள் பயந்துபோனாள். கழுத்துத் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தரம். ஆனால் பென் டிரைவை அவர் தொடவில்லை. சிரித்து முடித்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நாளைக்கு என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சஞ்சீவன் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயது மதிக்கலாம், பணிவான மனிதர். டயரைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், லொறிக்குக் கீழே குனிந்து பார்த்து, "துரு ஒரு பொட்டுக்கூட இல்லையே, நல்லா வச்சிருக்கிறியள்" என்று மெச்சினார். ரபீக்கா நிலத்தைப் பார்த்தாள்.

"செட்டும் சேத்துத்தானே அண்ணை? வேலை செய்யுமோ?"

ஸெய்னுதீன் தலையசைத்தார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். றேடியோவைப் போடுவார் என்று ரபீக்கா நினைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் குத்தினார்; எப்போது அதை எடுத்து வைத்தார் என்று அவளுக்குத் தெரியாது.

"மீஈஈன்..."

ஜும்ஆ கலைந்து சனம் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்த நேரம். அவ்வளவு பேரும் நின்றுவிட்டார்கள். "மீன், மீன், மீன். மாளு, மாளு. சூடை இரிக்கி, பாரை இரிக்கி, கும்புளா இரிக்கி. ராவு புடிச்ச மீன், வாங்க உம்மா, வாங்க அக்கா." தமிழில் மீன், சிங்களத்தில் மாளு; கம்மல் இல்லாத, கணீரென்ற பழைய குரல். சித்தி பரீதா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆர் இது?" என்று சஞ்சீவன் மெல்லக் கேட்டார்.

"இவர்தான்," என்றாள் ரபீக்கா.

சஞ்சீவன் அப்போதுதான் அந்தக் கழுத்துத் துணியைச் சரியாகப் பார்த்தார். ஸெய்னுதீன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். குரல் முடிந்து, திரும்பத் தொடங்கி, மூன்று தரம் ஓடியது. பிறகு நிறுத்திவிட்டு, போனில் எழுதிப் புல்மோட்டைக்காரரிடம் நீட்டினார். 'லொறி விக்கிறத்துக்கில்ல தம்பி. மன்னிச்சுக்கங்க.'

"விளங்குது அண்ணை," என்றார் சஞ்சீவன். "இதைக் கேட்டாப் பிறகு நீங்கள் தந்தாலும் நான் வாங்கமாட்டன்." தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியப்புறம் ஸெய்னுதீன் மீனுக்குப் புறப்பட்டபோது போனில் எழுதிக் காட்டினார். 'நீயும் வா. விலை பேச ஆள் வேணும்.' இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் அந்த லொறியில் வியாபாரத்துக்குப் போனதில்லை. கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

கரையில் அன்று கிடைத்தது சூரையும் கணவாயும்தான். ஏழு மணிக்குக் கந்தளாயில் முதல் ஒழுங்கைக்குள் நுழைந்து அவர் குரலைப் போட்டார். கதவுகள் திறந்தன. ஐந்து மாதம் காணாமல் போன குரலுக்குப் பெண்கள் ஓடி வந்தார்கள். கையில் சட்டியோடு முதலில் வந்தவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சூடை எங்க? சூடை இரிக்கி எண்டு சொன்னீங்களே."

இரண்டாவது பெண் பாரை கேட்டாள். மூன்றாவது ஆள் கும்புளா. பென் டிரைவில் இருக்கும் ஸெய்னுதீனுக்கு அவர் பதிந்த அந்த ஒரு நாளின் மீன்தான் தெரியும். இன்றைய கடல் தெரியாது. பெண்கள் முகம் சுளித்துத் திரும்பிப் போனார்கள். அடுத்த ஒழுங்கையிலும் அதே கதை. முன்பென்றால் பதிந்த குரலை நிறுத்திவிட்டு, அன்றன்றைய மீனை அவரே மைக்கில் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

குளக்கட்டுப் பக்கம் ஒரு மர நிழலில் அவர் லொறியை நிறுத்தினார். அவருடைய முகம் மறுபடியும் அந்தச் சுவர்ப் பக்கத்து முகமாக மாறிக்கொண்டிருந்ததை ரபீக்கா பார்த்தாள். இவ்வளவும் செய்து, பெயின்றைச் சுரண்டி, இரும்பைத் தேய்த்து, கடைசியில் இதற்குத்தானா என்று நினைத்தாள்.

ஸெய்னுதீன் டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, சுருள் வயரோடு ஒரு மைக்கை இழுத்து எடுத்து, அதன் சுவிட்சைப் போட்டு, அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"நானா?" என்றாள் அவள். "ஏலாது மச்சான். ஹோர்னில பொம்புளட சத்தமா? ஊருக்குள்ள தெரிஞ்சா மதினி என்னச் சும்மா விடுவாவா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாதாடவும் இல்லை, அவரால் வாதாடவும் முடியாது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிடிவாதத்தில் தனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று ரபீக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் மைக்கை வாங்கினாள். அவர் குரலைப் போட்டார். "மீஈஈன்..." என்று அது ஒழுங்கைக்குள் போனது. முதல் "மாளு"வோடு நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"சூரை," என்றாள் ரபீக்கா. ஹோர்னிலிருந்து அது திரும்பி வந்தபோது யாரோ போல இருந்தது. "சூரை இரிக்கி. கணவாய் இரிக்கி. வாங்க."

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஸெய்னுதீன் கையை நீட்டி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.